ஊர் பேர் இல்லாத கோப்புகள்

மார்ச் 4, திங்கள்

வாயைத் திறக்காமல் இருந்தது போதும். பதினைந்து வருடம் ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் பல்தான் தேயும். தேய்ந்துவிட்டது. கடைவாயில் இரண்டுக்கு உறை போட வேண்டும் என்கிறார் மருத்துவர். அதையும் செங்குட்டுவன் கணக்கிலேயே எழுதுகிறேன்.

இன்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் தூத்துக்குடி கடலாய்வு நிலையத்தின் துணை இயக்குநர் முனைவர் செங்குட்டுவன்மீது விசாரணை. வருகிற 22, வெள்ளிக்கிழமை, மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. மன்னார் வளைகுடாவில் அறுபது நாள் படகில் இருந்து கடலின் வெப்பத்தை அளந்து 2004இல் அவர் எழுதிய கட்டுரைதான் அவரை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது. அந்த எண்கள் கடலில் எடுத்தவையா, மேசையில் எடுத்தவையா என்று வெளிநாட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள். மூல அளவுகளைக் காட்டச் சொன்னால், கட்டடம் மாறியபோது தொலைந்துவிட்டன என்கிறார். காட்டாவிட்டால் கட்டுரை திரும்பப் பெறப்படும். ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது மோசடிக்காரர் என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போவார்.

தகவல் தெரிந்த ஊழியர்கள் குழுவிடம் சொல்லலாமாம். எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதையும் போட்டவன் நான். தினசரி சராசரிகளை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தார். மூல அளவுகளைக் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு?" என்றார். அதுவரை இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கட்டுரை வந்தபோது கடைசிப் பக்கத்தின் அடியில், "கணினி உதவிக்கு டி. உமாபதிக்கு நன்றி" என்று இருந்தது. நான் எஸ். உமாபதி. டி. உமாபதி என்று ஒருவர் இந்த உலகத்தில் எங்கோ உட்கார்ந்து என் நன்றியை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 5, செவ்வாய்

கணினிப் பிரிவின் ஃபெலிசியா மத்தியானம் கையில் ஒரு பழைய வன்தட்டோடு வந்தாள்.

"சார், ஒரு அநாதைப் பொணம் கிடைச்சிருக்கு. நீங்கதான் அடையாளம் காட்டணும்."

"எங்கே கிடைச்சது?"

"ஸ்டோர் ரூம்ல, உடைஞ்ச நாற்காலிக்கு அடியில. அறுபது ஃபைல் இருக்கு. பேரு ஒண்ணுலேருந்து அறுபது. வேற ஒண்ணும் கிடையாது. எந்த மென்பொருள்ல போட்டாலும் திறக்க மாட்டேங்கு."

என் பதவியின் பெயர் தரவு அலுவலர். ஊர் பேர் தெரியாத கோப்புகள் என்ன வடிவம், எங்கிருந்து வந்தவை என்று சொல்வது என் வேலை. முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு இந்த நிலையம் கொடுத்திருக்கும் உச்ச மரியாதை இது.

"வர்ற 21, வியாழக்கிழமை சாயங்காலம், பழசையெல்லாம் அழிச்சுட்டு புது சர்வருக்குப் போறோம் சார். அடையாளம் தெரிஞ்சா வச்சுக்குவோம். தெரியலைன்னா அடக்கம் பண்ணிருவோம்."

மார்ச் 6, புதன்

வீட்டில் சலவை இயந்திரம் உயிரை விட்டது. கடைசியாகத் துவைத்துக்கொண்டிருந்தது என் சட்டைகளைத்தான். வேறு யார் சட்டையாக இருக்கும்.

மார்ச் 7, வியாழன்

கோப்புகளும் மனிதர்களைப் போலத்தான். பெரும்பாலானவை வாயைத் திறந்ததுமே தங்கள் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிடும். படக் கோப்பு, ஒலிக் கோப்பு, செயற்கைக்கோள் கோப்பு, எதுவானாலும் முதல் சில எழுத்துகளிலேயே தெரிந்துபோகும். இந்த அறுபதும் வாய் திறக்கவில்லை. தலைப்பு கிடையாது, தேதி கிடையாது. வெறும் எண்கள். அறுபதும் ஒரே எடை. எழுதியவருக்கு விளக்கம் சொல்லும் பழக்கம் இல்லை, ஆனால் ஒழுங்கு இருக்கிறது.

எண்களாக மாற்றிப் பார்த்தேன். சூரியனைவிடப் பல கோடி மடங்கு சூடான ஏதோ ஒன்றை யாரோ தினமும் அளந்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்த ஃபெலிசியா சொன்னாள்: "மே மாசத் தூத்துக்குடியா இருக்கும் சார்."

மார்ச் 8, வெள்ளி

பிடித்துவிட்டேன். பழைய பணிநிலையக் கணினிகள் ஓர் எண்ணைத் தலையிலிருந்து எழுதும். இன்றைய கணினிகள் வாலிலிருந்து படிக்கும். ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் போட்டதும் சூரியன் குளிர்ந்து இருபத்தொன்பது டிகிரிக்கு வந்தது. வரிசைக்கு நான்கு எண்கள்: நேரம், ஆழம், வெப்பம், உப்பு. அரை மணிக்கு ஒரு வரிசை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.

உப்பின் அளவைப் பார்த்தால் நம் கடல்தான். கடலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நிர்வாகப் பதவிக்கு எடுக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் வாளியில் சட்டை துவைத்தேன். மனைவி வடிவு பக்கத்தில் நின்று, "காலரை நல்லாத் தேயுங்க, டாக்டரேட் வாங்குனவுகளாச்சே" என்றாள்.

மார்ச் 12, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா என்று நேற்றே யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஒரு சந்தேகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் வெப்பத்தின் சராசரி எடுத்தேன். அலமாரியிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். (வைத்திருக்கிறேன். நோய் வந்தவன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடுவதில்லை.) அறுபது நாளும் இரண்டாவது தசமம் வரை ஒத்துப்போகிறது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

ஆக, அவர் உண்மையிலேயே கடலுக்குப் போயிருக்கிறார். உண்மையிலேயே அளந்திருக்கிறார். அவரைக் காப்பாற்றும் ஒரே சாட்சி என் மேசையில், என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. "அடையாளம் தெரியவில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதினால் 21, வியாழக்கிழமை ஃபெலிசியா அடக்கம் செய்துவிடுவாள். வெள்ளிக்கிழமை குழு வரும்.

மனதுக்கு அமைதியாக இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

மார்ச் 13, புதன்

நியாயமாக யோசிக்க வேண்டும் என்று என் தரப்பைத் தொகுத்துக்கொண்டேன். டி. உமாபதி விவகாரம். என் குடையைக் கடன் வாங்கி வேறு குடையைத் திருப்பித் தந்தது. எனக்கு வரவேண்டிய கைப்பிடி வைத்த நாற்காலி அவர் அறைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் மேல் 2009 ஆயுத பூசை. சர்வருக்கு ஒரு சின்னக் குங்குமப் பொட்டு வைத்தேன், பூ, சந்தனம்கூட இல்லை. "ஆய்வு நிலையத்தில் மூடநம்பிக்கைக்கு இடமில்லை" என்று எனக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். அதோடு விட்டாரா? மாவட்டம் முழுக்கக் கல்லூரி கல்லூரியாகப் போய் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசுகிறவர். எல்லா மேடையிலும் அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் டி. உமாபதி என்றுதான் சொல்லியிருப்பார்.

மார்ச் 14, வியாழன்

ஒரு சிக்கல். ஒவ்வொரு நாளும் மூன்று வரிசை குறைகிறது. ஒன்றரை மணி நேரம் அளவே இல்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டு நேரம் என்றால் மத்தியானத்தில் இருக்க வேண்டும். இதுவோ ஒரு நாள் காலையில், அடுத்த நாள் சாயங்காலம், அதற்கடுத்த நாள் உச்சிவெயிலில். கடல் ஓதம் ஏறி இறங்குவதோடு பொருத்திப் பார்த்தேன். ஓதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகும், இப்படித் தவளை மாதிரித் தாவாது. ஏழு நாளுக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வருகிறது.

அழிக்கப்போகிற கோப்பை எதற்கு இவ்வளவு ஆராய்கிறாய் என்று கேட்டால், தொழில் சுத்தம்.

மார்ச் 16, சனி

காலை ஒன்பதே காலுக்குப் புது சலவை இயந்திரம் வந்து இறங்கியது. இறங்கியது என்றா சொன்னேன். வாசல் வரை வந்தது.

வடிவு குறுக்கே கையை நீட்டி நின்றாள். "பத்தரைக்கு மேல உள்ள கொண்டாங்கப்பா. அதுவரைக்கும் வண்டியிலேயே இருக்கட்டும்."

"யம்மா, இன்னும் நாலு வீட்டுக்குப் போணும். ஃப்ரிட்ஜ் வேற கிடக்கு."

"மோர் தாரேன், குடிச்சிட்டு நிழல்ல உக்காருங்க. சனிக்கிழமை ஒம்பதுலேருந்து பத்தரை ராகு காலம். போன மிஷினை அவசரப்பட்டு இறக்கித்தான் நாலே வருசத்துல போச்சு."

"துணிக்குப் போயி ராகு காலமாம்மா?"

"துணிக்கு இல்லப்பா. மோட்டாருக்கு."

அவர்கள் மோர் குடித்தார்கள். நான் கூடத்தில் தொங்கும் நாள்காட்டிக்கு முன்னால் போய் நின்றேன். சனி, ஒன்பதிலிருந்து பத்தரை. தாளைத் தூக்கி அடுத்தடுத்த நாளைப் பார்த்தேன். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு. திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. மடிக்கணினியைத் திறந்தேன். கட்டுரையின்படி முதல் நாள் 2003 ஏப்ரல் 7. அது என்ன கிழமை என்று பார்த்தேன். திங்கள். முதல் கோப்பில் இடைவெளி ஏழரையிலிருந்து ஒன்பது வரை.

அறுபது நாளும் பார்த்தேன். அறுபது நாளும் ராகு காலம்.

வடிவு வந்து, "எதுக்கு இப்படிச் சிரிக்கீங்க, மிஷின்காரங்க பயப்படுதாங்க" என்றாள். எனக்கே தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

எந்த முடிவுக்கும் ஆதாரம் வேண்டும். அறுபது நாளும் படகு ஓட்டிய லூர்து இப்போது திரேஸ்புரத்தில் ஐஸ் கட்டி வியாபாரம் செய்கிறார். போன் செய்தேன்.

"நல்லா ஞாபகம் இருக்கு சார். மீன்பிடி தடைக்காலம், போட்டு சும்மாதான கிடந்துச்சு. நானும் செங்குட்டுவன் சாரும் மட்டும்தான் போவோம்."

"நடுவுல ஒன்றரை மணி நேரம் ஏன் அளக்காம விட்டீங்க லூர்து? நீங்க நேரம் காலம் பாக்கிற ஆளா?"

"நானா? நான் மாதாவைக் கும்பிடுதவன் சார், எனக்கு எல்லா நேரமும் நல்ல நேரம்தான். சார்தான் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. திடீர்னு கயித்தைச் சுருட்டி வச்சிட்டு மூலையில போய் உக்காந்துக்குவாரு. கேட்டா, 'மிஷின் சூடாயிட்டு லூர்து, ஆறட்டும்'பாரு. தண்ணிக்குள்ள முக்கி எடுக்குற மிஷின் எப்படி சார் சூடாவும்?"

"கேட்கலையா?"

"பெரிய படிப்பு படிச்ச மனுசன். சூடாவுதுன்னா சூடாவுதுதான்."

போனை வைத்தேன். சர்வருக்கு வைத்த ஒரு பொட்டுக்கு எனக்கு ஓலை அனுப்பிய மனிதர். இந்த நாளுக்காகத்தான் கடவுள் என்னை இவ்வளவு நாள் இந்தப் பதவியில் வைத்திருந்தார் போலும்.

மார்ச் 19, செவ்வாய்

செங்குட்டுவன் என் இடத்துக்கு வந்தார். வந்து உட்கார்ந்தார். கடைசியாக அவர் என் எதிரில் உட்கார்ந்தபோது இருவருக்கும் தலை நிறைய முடி இருந்தது.

"பழைய டிஸ்க் ஏதோ பாக்குறீங்களாமே. ஃபெலிசியா சொன்னாங்க."

"பாக்கிறேன் சார்."

"என்ன இருக்கு அதுல?"

"கடல் இருக்கு. அறுபது நாள்."

அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். வெயிலில் நின்றவர் மாதிரி வியர்த்தார்.

"நடுவுல ஒன்றரை மணி நேரம் ஒண்ணுமே இல்லையே சார், தினமும்."

"கருவி சூடாயிடும். ஆறட்டும்னு விடுவோம்."

"திங்கக்கிழமை காலையில ஏழரைக்கேவா?"

"ஏப்ரல் மாசம்லா."

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குத்தான் சூடாயிருக்கு. ஞாயித்துக்கிழமை நாலரை வரைக்கும் தாக்குப் பிடிச்சிருக்கு."

அவர் மேசையில் இருந்த பேனா மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"அதுக்கு முந்தின வருஷம் கயிறு அறுந்து ஒரு கருவி கடலுக்குள்ள போச்சு. ஞாபகம் இருக்கா? அன்னைக்குப் புதன்கிழமை, பகல் பன்னெண்டரை. அடுத்த கருவி கொச்சியில கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கினது. அதுவும் போச்சுன்னா என் ஆராய்ச்சியே போச்சு. நான் நம்பலை உமாபதி. சத்தியமா நம்பலை. கயிறு நம்புதோ என்னவோன்னு ஒரு பயம்."

நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி வைத்தேன்.

"மோசடிக்காரன்னு சொன்னா மறுத்துப் பேசலாம், கோர்ட்டுக்குப் போகலாம். இதுக்கு என்ன செய்ய? முப்பது வருஷமா மேடையில என்ன பேசினேன்னு ஊருக்கே தெரியும். சிரிப்பாங்க. அடையாளம் தெரியலைன்னு எழுதிருங்க. வியாழக்கிழமை அதுவா அழிஞ்சு போகும்."

"அப்போ கட்டுரை?"

"போகட்டும்."

"அதனாலதான் அன்னைக்கு மூல அளவைக் கேட்டப்போ குடுக்கலையா?"

"உங்ககிட்ட குடுத்தா ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிருப்பீங்களே."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் இறங்கிவிடவில்லை. ஆனாலும் வார்த்தை மாறாமல் இங்கே எழுதி வைக்கிறேன். உண்மையில் எனக்கு எட்டு நாள் ஆனது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எழுந்து போகும்போது கதவருகே நின்றார். "உங்களைத் தவிர வேற யார் கையில கிடைச்சிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்," என்றார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 20, புதன்

தர்மசங்கடம். கோப்பை அழியவிட வேண்டும் என்பது என் திட்டம். இப்போது அது அவருடைய வேண்டுகோள். செங்குட்டுவன் கேட்டு நான் ஒன்றைச் செய்வதா? இந்த ஜென்மத்தில் நடக்காது. ஆகவே அவரைக் காப்பாற்றியே தீர வேண்டும். இதில் கருணை எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மாலையில் உட்கார்ந்து எழுதினேன். நிலையத்தின் இணையப் பக்கத்தில், அடையாளம் காணப்பட்ட கோப்புகளைக் குறிப்போடு வெளியிடுவோம். யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம், குழுவும் பார்க்கும். நான்கு பக்கம் வந்தது. நாற்காலி, குடை எல்லாம் வந்துவிட்டது. "பகுத்தறிவுச் செம்மல் படகில் பதுங்கிய கதை" என்று ஓர் இடத்தில் எதுகை மோனையோடு எழுதியிருந்தேன். வடிவிடம் படித்துக் காட்டினேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பாவம், அந்த மனுசன் பயந்திருக்காரு. பயந்தவன் நேரம் பாக்கத்தான் செய்வான். அதுக்குப் போயி நாலு பக்கமா?"

"எனக்குப் பொட்டு வச்சதுக்கு விளக்கம் கேட்டவர் வடிவு."

"நீங்க மட்டும் என்னவாம்? அவரு வராண்டாவுல எதுத்தாப்ல வந்தா பின்னாடிப் படி வழியா சுத்திப் போறீங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அதுவும் சகுனம் பாக்குறதுதான்."

படித்த குடும்பத்தில் பெண் எடுத்திருக்கக் கூடாது.

மார்ச் 21, வியாழன்

காலையில் லூர்துவைக் கூப்பிட்டேன். இடைவெளியைப் பற்றி எழுதினால் படகு ஓட்டிய அவர்மேல்தான் ஊர் பழி போடும் என்று எச்சரித்தேன். சிரித்தார். "என் பேர்லயே போட்டுருங்க சார். கேட்டா நான்தான் ஜோசியம் பாத்தேன்னு சொல்லுதேன். எனக்கென்ன, நான் மேடையிலயா பேசப் போறேன்?" அப்படிப் போட முடியாது என்றேன். அது பொய். நான் கோப்புகளோடு பிழைப்பவன்.

நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்:

"அறுபது கோப்புகள். பழைய பணிநிலையக் கணினியில் எழுதப்பட்டவை. இன்றைய கணினியில் படிக்க ஒவ்வொரு எண்ணின் பைட் வரிசையையும் திருப்ப வேண்டும். வரிசைக்கு நான்கு எண்கள்: நேரம், ஆழம், வெப்பம், உப்பு. மன்னார் வளைகுடா, 2003 ஏப்ரல் 7 முதல். தினசரி சராசரிகள் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையின் அட்டவணையோடு முழுமையாகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் அளவு எடுக்கப்படவில்லை. அது அந்தந்தக் கிழமையின் ராகு காலம், படகின் வழக்கம். கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டது குறை. மோசடி அல்ல. எண்களைப் புனைகிறவர் இடைவெளி விடமாட்டார், அதுவும் நாள்காட்டி பார்த்து."

இதைவிடச் சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒரு குடைகூட இல்லை.

ஃபெலிசியா படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரோட வழக்கம்னு கேப்பாங்களே சார்."

"கோப்புல இல்லை."

"உங்களுக்குத் தெரியும்லா?"

"கோப்பு சொல்றதைச் சொல்றதுதான் என் வேலை. கோப்புல இல்லாததைச் சொல்ல எனக்குச் சம்பளம் கிடையாது."

"சரி சார். அடையாளம் கண்டவர் பேரு போடணும். எஸ். உமாபதின்னு போட்டுரவா?"

பதினைந்து வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என் தலைப்பெழுத்தைச் சரியாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று காபி குடிக்கப் போனேன். இதைக் காபிக்கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பெயரைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாளைக்குக் குழு படிக்கும். நாலு நாள் ஊர் சிரிக்கும், ஐந்தாம் நாள் வேறு ஒன்றுக்குச் சிரிக்கப் போய்விடும். செங்குட்டுவனின் கடல் அவருக்கே திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு அவர் என் அறைக்கு வருவார். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாமா என்றுகூடக் கேட்பார், அப்படிப்பட்ட ஆள்தான். நன்றியை வாங்கிக்கொண்டுவிட்டால் பிறகு அவர்மேல் எப்படிக் கோபமாக இருப்பது? பதினைந்து வருட உழைப்பு. அதை ஒரே நாளில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கோப்புகள் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர் திறந்து எண்ணிப் பார்க்கட்டும், அதற்கு என் பெயர் எதற்கு.

ஃபெலிசியா போனில் கேட்கிறாள், ஏற்றலாமா என்று. ஏற்று என்று சொல்லப் போகிறேன். பெயருக்கான இடம் காலியாகவே இருக்கட்டும்.